சும்மா கொழும்பு பார்க்க

எங்களில் பலர் படிக்கிற காலத்தில் தனியாகவே கொழும்பு பார்க்கப் போகிறோம். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம், வெள்ளவத்தையில் கடற்கரை. "ஏன் வந்தனீங்கள்?" என்று கேட்டால் "சும்மா, சுத்திப் பார்க்க" என்போம்.

2007 இல் அந்தப் பதில் எடுபட்டிராது. யூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். பலர் வவுனியாவில் இறக்கப்பட்டார்கள். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தார்களாம். வைத்தியத்துக்கும் வேலைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பிரதமரும் வருத்தம் தெரிவித்தார்.

சொந்த நாட்டு நகரத்தைப் பார்க்க ஏன் காரணம் சொல்ல வேணும்? 'சும்மா' என்பதும் எங்கள் உரிமைதான்.