ஒத்தாசை

சின்னசேலத்தில் ஒரு பாட்டியிடம் ஆட்டுமயிர் நூற்கக் கற்றுக்கொண்டேன். திருச்சி கருப்பு ஆட்டின் முரட்டு மயிர். முள்ளும் மண்ணும் நீக்கி, வில்லால் அடித்துப் பஞ்சுபோலாக்கி, பிறகு இழுத்து முறுக்க வேண்டும். என் இழை அறுந்துகொண்டே இருந்தது. "முறுக்கு ஏறட்டும் கண்ணு, அப்புறம் இழு" என்றார்.

அவர் கணவர் கம்பளி நெசவாளராக இருந்தவர். "நீங்க பாட்டி?" என்றேன்.

"நானா? சும்மா ஒத்தாசைக்கு."

கம்பளியும் பருத்தியும் நூற்கக் கைம்பெண்களையும் உடற்குறையுள்ள பெண்களையும் முதிய அரண்மனை அடிமைப் பெண்களையும் அமர்த்தச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். இழையின் நயத்துக்கேற்பக் கூலி. கூலி வாங்கிக்கொண்டு நூற்காதவளுக்குக் கட்டைவிரல் போகும்.

கொடுமையான சட்டம்தான். ஆனால் நூற்பது வேலை என்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குள் அதுவே ஒத்தாசை ஆயிற்று.

பாட்டியின் கட்டைவிரல் காய்த்துப்போயிருக்கிறது.