கொசஸ்தலையாற்று முகத்துவார மீன்வளம்: நீர், ஆழம், நஞ்சு

ஆந்திரத்தின் நாராயணவனம் வட்டாரத்து மலைகளில் பெய்யும் மழை இரு வழிகளில் கடலை அடைகிறது. ஊரை ஒட்டி ஓடும் அருணா நதி ஆரணியாறாகப் பிச்சாட்டூர், ஊத்துக்கோட்டை வழியே பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. தெற்கே நகரி ஆறு பூண்டிக்கு மேலே கொசஸ்தலையாற்றில் கலந்து எண்ணூரை அடைகிறது. இவ்விரு ஆறுகளில் பெரிதும் மாசடைந்தது கொசஸ்தலையாறுதான். அதன் மீன்வளம் குன்றியதற்கு ஆலைக் கழிவையே காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் கழிவு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நன்னீர் குறையத் தொடங்கிவிட்டது. பின்னர் ஆழமும் தூய்மையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நன்னீர் திசைமாறிய காலம்

1868-இல் தாமரைப்பாக்கத்தில் கட்டப்பட்ட அணை, ஆற்றுநீரைச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பியது. 1872-இல் சென்னைக்குக் குடிநீர் விநியோகம் தொடங்கியது. மேயர் சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-இல் தொடங்கிய பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது. அதன்பின் முகத்துவாரத்துக்கு ஓரளவேனும் நீர் வந்தது பருவமழை உபரியின்போதுதான். ஆந்திரத்துடன் செய்த 1983 ஒப்பந்தத்தின்படி 1996-இல் பூண்டிக்கு வந்த கிருஷ்ணா நீரும் நகரக் குழாய்களுக்கே போனது. இதற்கிடையே 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960-இல் எல்லை வரையறுக்கப்பட்டது. ஆற்றின் வடிநிலம் இரு மாநிலங்களுக்கிடையே பங்கானது.

நன்னீர் குறைந்ததன் விளைவை இறாலைக் கொண்டு விளக்கலாம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவற்றுக்கு உவர்நீரும் மென்சேறும் திறந்த முகத்துவாரமும் வேண்டும். மணல்திட்டை உடைக்கும் வெள்ளம் குறைந்தபோது இம்மூன்றுமே நலிந்தன.

ஆழம் குறைந்த காலம்

1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் வல்லூர் மின்நிலையமும் எழுந்தது. கழிமுகத்தின் உப்பளங்களும் சதுப்பு நிலங்களும் சுருங்கின. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழம்பைச் செப்பாக்கம் குட்டைக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் ஆற்றைக் கடந்து செல்கின்றன. அவற்றில் ஏற்பட்ட கசிவுகளால் சாம்பல் படுகையில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போருக்குச் சாம்பலே அகப்பட்டது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் படகுகள் தரைதட்டின. 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இச்சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

எண்ணெயும் அயல் உயிரியும்

2017 ஜனவரி 28-இல் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே ஆற்றுக்குள் புகுந்து, வலைகளையும் படகுகளையும் அலையாத்தி வேர்களையும் மூடியது. மற்றொரு சேதம் ஓசையின்றி நிகழ்ந்தது. மீனவர் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி இனமான மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா படுகை முழுவதும் விரிப்பாகப் படர்ந்தது. உள்ளூர்ப் பச்சை ஆழிக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் போயிற்று. இறால் புதையும் சேறும் அடைபட்டது.

முடிவு

மாசுக் கட்டுப்பாடு என்றால் நீர் மாதிரியைச் சோதிப்பது என்றே நம் நிர்வாகம் பழகியிருக்கிறது. அச்சோதனை மூன்றாம் இழப்பை மட்டுமே அளக்கும். நீர் நாளைக்கே தெளிந்தாலும், சாம்பல் நிறைந்த படுகையில் இறால் புதையாது. மேலணைகளில் நின்றுபோன நீர் முகத்துவாரத்தைத் திறக்காது. எனவே சீரமைப்புக்கு மூன்று அளவுகோல்கள் வேண்டும்: பருவந்தோறும் பூண்டியிலிருந்து கடலுக்கு விடப்படும் நீரின் அளவு, கழிமுகத்தின் ஆழம், மீனவர் கரைசேர்க்கும் இறால், நண்டு, மடவையின் வகையும் எடையும். மூன்றாவது அளவுகோலைத் தினமும் கையில் வைத்திருப்பவர்கள் மீனவர்களே. அவர்களின் பதிவு கண்காணிப்பின் அதிகாரபூர்வப் பகுதியாக வேண்டும். பழவேற்காட்டுக்கு நீர் தரும் ஆரணியாற்றுக்கும் இதே கணக்கை இப்போதே தொடங்கினால், எண்ணூரில் கைமீறிப்போன இழப்புகளை அங்கே முன்கூட்டியே தடுக்கலாம்.