விதைப்பும் ஒலிபரப்பும்

பெங்களூர் ஒக்கலிபுரத்தின் தெருக்களில் மாலை வேளையில் நடப்போர் காதில் தமிழும் கன்னடமும் மாறிமாறி விழும். அத்தகைய தெருக்களின் இல்லங்களுக்குத் தொலைவிலுள்ள குரலைக் கொணர்ந்த சொல் ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலத்தில் 'பிராட்காஸ்ட்' என்பது பொறியியலார் ஆக்கிய சொல்லன்று; உழவரிடமிருந்து பெற்ற சொல். 'பிராட்' என்றால் அகலம். 'காஸ்ட்' என்றால் எறிதல். விதையைச் சாலில் இடாமல், கையால் அள்ளி வயலெங்கும் வீசி விதைப்பதையே 18-ஆம் நூற்றாண்டில் அது குறித்தது. கம்பியில்லாத் தந்தி தோன்றிய காலத்தில், ஒரு கப்பலுக்கு அனுப்பிய செய்தி பிறர் செவியிலும் விழுவது குறையாகவே கருதப்பட்டது. அக்குறையே பின்னர்ப் பயனாயிற்று. 1920-களில் எல்லோருக்குமாக ஒலியை வீசும் பணிக்கு உழவர் சொல்லே பெயராய் அமைந்தது.

நம் நாட்டில், சென்னை மாகாண வானொலிச் சங்கம் 1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மைசூரில் உளநூற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் ஒரு சிறு நிலையம் நிறுவினார். 'ஆகாசவாணி' என்ற பெயர் அங்கு வழங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. பெங்களூர் நிலையம் 1955-இல் அமைந்தது.

இவ்விரு பெயர்களுக்குமிடையே நுட்பமான வேறுபாடு உண்டு. புராணத்து அசரீரி கம்சன் ஒருவனை நோக்கியே பேசிற்று. வீசிய விதையோ, இன்னாருக்கென்று விழுவதில்லை.

தமிழில் நாம் 'ஒலிபரப்பு' என்கிறோம். 'பரவு' என்பது தன்வினை; 'பரப்பு' என்பது பிறவினை. ஆங்கிலத்தில் 'ஸ்பிரெட்' என்ற ஒரே சொல் இரண்டிற்கும் பயன்படும். மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்பாய் இருத்தல் வேண்டும். 'வதந்தி பரவிற்று' என்றால் எவர்மீதும் பழியில்லை. 'வதந்தியைப் பரப்பினர்' என்றாலோ செய்தவர் முன்னிற்கிறார். வகர மெய் இரட்டைப் பகரமாக மாறப் பொறுப்பே இடம் மாறிவிடுகிறது!

நம் மக்களின் நிலைக்கும் இது பொருந்தும். 1809-இல் பெங்களூரில் தண்டு அமைந்த பின், பிழைப்பு நாடித் தமிழர் பலர் இங்குக் குடியேறினர். மக்கள் பரவினர், ஆயின் மொழி தானே பரவிவிடவில்லை. தாய்மார் கதை சொல்லியும், திண்ணைகளில் எழுத்தறிவித்தும், அதனைப் பரப்பினோர் இருந்தனர்.

இன்று வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், எழுத்தறியார். அவர்களுக்குச் செவியே வயல். வானொலி விதையை வீசலாம். வயலைப் பண்படுத்த அதனால் இயலாது. உணவு வேளையில் ஒரு கதை, உறங்குமுன் ஒரு பாட்டு, வாரத்தில் ஒரு நாள் அரை நாழிகை எழுத்துப் பயிற்சி: அந்த உழவு வீட்டாருடையது. உழாத நிலத்தில் வீசிய விதை பறவைக்கே இரையாகும்.