இதயத்திற்கு ஓய்வு கொடுத்த இயந்திரம்



2016 டிசம்பரில் செல்வி ஜெயலலிதா சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் இருந்தபோதுதான் ‘எக்மோ’ என்னும் சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் அதே கருவியின் துணையோடு பல நாள் போராடி மறைந்தார். இவ்விரண்டு இழப்புகளுக்குப் பின், “எக்மோ வைத்துவிட்டார்களா? அப்படியானால் முடிந்தது” என்று பேசுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டிய குடும்பத்திற்கு இந்த எண்ணம் பெரிய இடையூறு. ஆகவே இக்கருவி எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1931இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர், நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்ட ஒரு பெண்மணியை இரவு முழுவதும் அருகிலிருந்து கண்காணித்தார். அப்பெண்மணி இறந்தார். இரத்தத்தை வெளியே எடுத்து, உயிர்வளி ஏற்றி, மீண்டும் உடலுக்குள் செலுத்த முடிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரே என்னும் எண்ணம் கிப்பனை விடவில்லை. மனைவி மேரியே அவருக்கு ஆய்வுத் துணை. மீன் துண்டைக் காட்டித் தெருப் பூனைகளைப் பிடித்து வந்து சோதனை செய்ததைப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

அந்த இரவுக்கு 22 ஆண்டுகள் கழித்து, 1953 மே 6 அன்று, பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த துளையை அவர் அடைத்தார். 26 நிமிடங்கள் இயந்திரமே அவளுக்கு இதயமாகவும் நுரையீரலாகவும் இயங்கியது. பெண் பிழைத்தாள். ஆனால் அதே ஆண்டில் அடுத்து அறுவை செய்யப்பட்ட இரண்டு குழந்தைகள் இறந்துவிடவே, கிப்பன் மனமுடைந்து அம்முயற்சியைக் கைவிட்டார். பிறர் அதைத் தொடர்ந்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் திறந்த இதய அறுவைகளுக்கு அதுவே அடித்தளம்.

கிப்பனின் கருவியை நாள்கணக்கில் ஓட்ட முடியாது. அதில் இரத்தம் உயிர்வளியை நேரடியாகத் தொட்டது. நேரம் ஆக ஆக இரத்த அணுக்கள் சிதைந்தன. நம் நுரையீரலிலோ காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே மெல்லிய சவ்வு இருக்கிறது. அதைப் போலவே சிலிக்கோன் சவ்வு ஒன்றை இடையில் வைத்த பிறகுதான் நிமிடங்கள் நாள்களாயின. 1975இல் கலிபோர்னியாவில் மருத்துவர் ராபர்ட் பார்ட்லெட், மூச்சுத் திணறிய பச்சிளங்குழந்தை ஒன்றை ஏறத்தாழ மூன்று நாள் இம்முறையில் காத்தார். தாய் விட்டுச் சென்ற குழந்தை அது. தாதியர் அதற்கு ‘எஸ்பெரான்சா’ என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்பது பொருள். குழந்தை பிழைத்தது.

எக்மோ நோயைக் குணப்படுத்துவதில்லை. களைத்த உறுப்புக்கு ஓய்வு தருகிறது, அவ்வளவுதான். இரத்தக் கசிவு, தொற்று முதலிய ஆபத்துகளும் உண்டு. ஆயினும் எக்மோவில் வைக்கப்படும் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரோடு வீடு திரும்புகின்றனர். எனவே மருத்துவரிடம் நாம் கேட்க வேண்டியது, “பிழைப்பாரா?” என்பதைவிட, “எதற்காகக் காத்திருக்கிறோம்?” என்பதே. உறுப்பு தேறுவதற்கா, மாற்று உறுப்பு கிடைப்பதற்கா?

இரண்டாவது காத்திருப்பு எத்தகையது என்பதை நம் நாடு 2007இல் கண்டது. 1992இல் தோன்றி, 1997இல் நாட்டின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்த நம் தேசிய இருதயக் கழகத்தில், பத்து பஹாட்டைச் சேர்ந்த 14 வயது மாணவி ஒருத்தி ஓராண்டுக்கும் மேலாகச் செயற்கை இதயக் கருவியோடு வாழ்ந்தாள். இது எக்மோ அன்று. இதயத்தின் இறைக்கும் வேலையை மட்டும் செய்யும் வேறு வகைக் கருவி. 2006 செப்டம்பரில் பொருத்தப்பட்டது. அக்டோபர் 2007இல் ஒரு பதின்ம வயதுச் சிறுவனின் இதயம் கிடைத்தது. அவள் உடல் அதை ஏற்கவில்லை. 24 மணி நேரத்திற்குள் இன்னோர் இதயம் கிடைக்க, டாக்டர் முகமட் எசானியின் குழு மீண்டும் அறுவை செய்தது. நாடே நாளிதழைப் பார்த்துக் காத்திருந்த நாள்கள் அவை. அவ்வாண்டில் உறுப்பு தானத்திற்குப் பதிவு செய்தோர் தொகையும் உயர்ந்தது.

அவ்விரு இதயங்களையும் கொடுத்த குடும்பங்களைப் பற்றித்தான் நான் அதிகம் நினைப்பதுண்டு. மூளை இறந்துவிட்ட பிறகும், சுவாசக் கருவியால் மகனின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். உடல் சூடாகவே இருக்கும். அந்த நேரத்தில்தான் பெற்றோரிடம் கேட்பார்கள். மலேசியாவில் ஒருவர் தானத்திற்குப் பதிவு செய்திருந்தாலும், இறுதியில் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்பதே நடைமுறை. பதிவு அட்டை பணப்பையில் இருந்தும், வீட்டில் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசாதிருந்தால், அந்த வாசலில் நிற்கும் தாய்க்கு மகனின் விருப்பம் என்னவென்று தெரிய வழியில்லை.