சமலா மொழி

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டா பார்பராவுக்கு வடமேற்கே உள்ள சான்டா இனெஸ் பள்ளத்தாக்கில் வாழும் சூமாஷ் பழங்குடியினரின் மொழி சமலா. 1804இல் ஸ்பானியப் பாதிரிமார் அங்கே மிஷன் அமைத்தபின், அதன் பெயரால் இது ‘இனெஸென்யோ’ என்று ஏடுகளில் குறிக்கப்பட்டது. பார்பரென்யோ, வென்ச்சுரென்யோ ஆகியவை இதன் நெருங்கிய உறவு மொழிகள். சூமாஷ் குடும்பத்துக்கு வெளியே வேறெந்த மொழியோடும் இதற்கு உறவு நிறுவப்படவில்லை.

மிஷன் வாழ்வில் ஸ்பானியமும் பிறகு ஆங்கிலமும் வீடுகளுக்குள் நுழைந்தன. 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது சமலா பேசியவர்கள் ஒரு சில முதியவர்களே. அவர்களில் ஒருவர் மரியா சொலாரெஸ் (1842-1923). ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜான் ஹாரிங்டன் 1910களில் அவரிடம் உட்கார்ந்து, ஸ்பானியத்தின் துணையோடு கதைகளையும் சொற்களையும் கேட்டு எழுதினார். இன்று சமலா கற்க முடிகிறது என்றால் முதல் நன்றி அந்த மூதாட்டிக்கே உரியது. ஹாரிங்டன் தம் குறிப்புகளில் மிகக் குறைந்த பங்கையே அச்சேற்றினார். 1961இல் அவர் இறந்தபின் அவை ஆய்வாளர் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டே ரிச்சர்ட் ஆப்பிள்கேட் 1972இல் பெர்க்லியில் சமலா இலக்கணத்தை முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதி முடித்தார்.

உயிரொலிகள் ஆறு. அ, எ, இ, ஒ, உ ஐந்தும் நமக்குப் பழகியவை. ஆறாவது, ‘காது’ என்று பேசும்போது இதழ் குவியாமல் வரும் கடைசி உகரத்துக்கு அருகில் நிற்கும். மெய்களில்தான் கற்பவருக்கு உழைப்பு. ப, த, க போன்ற வல்லொலிகள் ஒவ்வொன்றும் இயல்பாகவும், மூச்சுச் சேர்ந்தும், தொண்டையை அடைத்து வெடித்தும் வரும். எது வருகிறதோ அதற்கேற்பப் பொருள் மாறும்.

இலக்கணத்தில் வினையே வாக்கியத்தின் முன்னால் வரும். யார் செய்தார் என்பதை வினையின் தொடக்கத்திலேயே ஒட்டுவார்கள்: ‘க்’ நான், ‘ப்’ நீ, ‘ஸ்’ அவன் அல்லது அவள். பெயரின் முன் வந்தால் இவையே என், உன், அவனுடைய என்றாகும். எண்ணும் ஒருமை, இருமை, பன்மை என மூன்று.

மொழியியலாளர்களிடையே சமலாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் ஊஷ்ம ஒலி இசைவு. ஒரு சொல்லில் ஸகர, ஷகர வகை ஒலிகள் பல இருந்தால், கடைசியில் வருவது முன்னுள்ளவற்றைத் தன் இனமாக்கும். ‘ஸபிட்ஸொலுஸ்’ என்றால் அவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. இறந்தகாலம் காட்டும் ‘வஷ்’ சேர்ந்ததும், சொல்லின் தலைவரை எல்லாம் மாறி ‘ஷபிச்சொலுஷ்வஷ்’ ஆகிவிடும். இவ்வளவு தூரத்திலிருந்து ஓர் ஒலி இன்னொன்றை ஆள்வது வியக்கத்தக்கது. விதிவிலக்கும் உண்டு: த, ந, ல முன்னால் நேராக நிற்கும் ஸகரம் ஷகரமாகும். அதனால்தான் ‘அவனிடம் சொல்கிறான்’ என்பது ‘ஷ்தியெபுஸ்’. கடைசி ஸகரத்தால் முதலொலியை மாற்ற முடியவில்லை.

2000களில் சான்டா இனெஸ் சூமாஷ் சமூகம் ஆப்பிள்கேட்டையே அழைத்து வகுப்புகள் தொடங்கியது. அவர் தொகுத்த சமலா-ஆங்கில அகராதியையும் வெளியிட்டது. மரியா சொலாரெஸின் வழித்தோன்றல்களும் அந்த வகுப்புகளில் படித்தார்கள்.