பெயரில் எஞ்சிய மலர்: கத்தக்குரி மாவின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

யப்பானியச் சமையலிற் குழம்பைத் தடிப்பாக்குவதற்கும் பொரிக்கும் இறைச்சியின் மீது பூசுவதற்கும் பயன்படும் வெண்ணிற மா ஒன்று உண்டு. அதன் பெயர் கத்தக்குரிக்கோ. 'கோ' என்பது மாவைக் குறிக்கும். கத்தக்குரி என்பதோ மலைச்சாரல்களில் இளவேனிலின் தொடக்கத்திற் பூக்கும் ஒரு காட்டு லில்லி. பெயரை மட்டும் அறிந்தவர் இம்மா அம்மலரின் குமிழிலிருந்து பெறப்படுவது என்றே கொள்வர். ஆயின் இன்று அப்பெயரிற் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் உருளைக்கிழங்கு மாவேயாகும். நாம் உண்ணும் சவ்வரிசி பெரும்பாலும் பனை வகையிலிருந்தன்றி மரவள்ளியிலிருந்து வருவதென அறிந்தோர்க்கு இது புதுமையன்று. பொருள் மாறிய பின்னும் பெயர் நிலைத்திருத்தல் சொல்லாராய்ச்சியாளர்க்குப் பழகிய செய்தி. அம்மாற்றம் எவருடைய நிலத்தில், எவ்வகை அதிகாரத்தின் கீழ் நிகழ்ந்தது என்பதையே நாம் ஈண்டு நோக்க விழைகின்றோம்.

கத்தக்குரியின் பொருளியல் அதன் உயிரியலிலேயே தொடங்குகின்றது. மரங்கள் தளிர்க்குமுன் காட்டுத் தரையில் விழும் வெயிலைப் பயன்படுத்தி இத்தாவரம் இலைவிட்டுப் பூக்கின்றது. புள்ளி படர்ந்த இரண்டு இலைகளுக்கிடையில் எழும் தண்டின் நுனியில், ஊதாச்சாயல் கலந்த இளஞ்சிவப்பு மலரொன்று தலைகவிழ்ந்து நிற்கும். வெயில் ஏற அதன் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடியும். மப்பும் மந்தாரமுமான நாளில் அவை விரிவதில்லை. கோடை முற்றுமுன் இலைகள் அழிந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்குள்ளேயே கழிக்கும். விதை முளைத்த ஆண்டிலிருந்து முதற்பூ தோன்ற ஏழு, எட்டு ஆண்டுகள் செல்லும். அதுவரை ஆண்டுக்கு ஓர் இலை மட்டுமே. இத்தனை ஆண்டுகளின் சேமிப்பும் விரலளவான ஒரு மெல்லிய குமிழில் அடங்கியுள்ளது. அதைத் தோண்டி எடுப்பவர் விளைச்சலை மட்டுமன்றி முதலையும் சேர்த்தே எடுக்கின்றார். ஆண்டுதோறும் அறுக்கப்படும் நெல்லோடு இதனை ஒப்பிடின், இம்மா ஏன் ஒருபோதும் மலிவான பண்டமாக இருந்திருக்க முடியாது என்பது தெளிவாகும்.

இலக்கியத்தில் இம்மலர் அரிதாகவே தென்படுகின்றது. மன்யோஷு தொகுப்பிலுள்ள ஏறத்தாழ 4500 பாடல்களுள் ஒன்றில் மட்டுமே 'கத்தக்காகோ' என இடம்பெறுகின்றது. அது கத்தக்குரியே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நாரா அரசவையிலிருந்து எச்சூ மாகாணத்திற்கு ஆளுநராக அனுப்பப்பட்ட ஓத்தொமோ நோ யக்கமோச்சி 750ஆம் ஆண்டில் அதனைப் பாடினார். கோயிற் கிணற்றடியில் நீர் மொள்ளும் கன்னியரின் கூட்டமும் அக்கிணற்றருகே பூத்த மலரும் அதன் காட்சி. நீர் மொள்பவர் ஒருவர், பார்த்து நிற்பவர் வேறொருவர் என்ற வேறுபாடு நமது கண்ணுக்குத் தப்புவதில்லை. எனினும் பாடலை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லலாகாது. குமிழைத் தோண்டியவரைப் பற்றியோ உண்டவரைப் பற்றியோ அது எதுவும் கூறவில்லை.

அவ்வுழைப்பின் சுவடுகள் எடோ காலத்தில் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன. 1716 முதல் 1745 வரை ஆண்ட எட்டாவது ஷோகுன் யொஷிமுனே, இறக்குமதி மருந்துகளிற் தங்கியிருத்தலைக் குறைக்கும் நோக்குடன் உள்நாட்டு மூலிகைகளைத் தேடுவித்தார். 1729இல் அரச மூலிகையாளர் உவெமுரா, யமத்தோ மலைப்பகுதிக்கு வந்தபோது, உடா என்னும் ஊரைச் சேர்ந்த மொரினோ தோசுக்கே அவருக்குத் துணைசென்றார். அவர் நிறுவிய மூலிகைத் தோட்டம் இன்றும் உள்ளது. அவ்வூரில் ஆக்கப்பட்ட கத்தக்குரி மாவும் ஷோகுன் ஆட்சிக்குச் செலுத்தப்பட்டது. குமிழை இடித்து, நீரிற் கரைத்து, வடித்து, அடியில் மா படிந்ததும் மேல்நீரைக் கொட்டி, மீண்டும் நீரூற்றிப் படியவிட்டு உலர்த்துதல் இதன் முறை. நோயாளருக்கும் வயிறு நலிந்தோர்க்கும் உரிய ஊட்டமாக அது கருதப்பட்டது. மலைமக்கள் தோண்டினர், மேலோர் உண்டனர். இவ்வகையில் நிலமானிய அமைப்பின் திறைப்பொருள்களுள் ஒன்றாக அது விளங்கியதெனலாம்.

1869இல் மெய்ஜி அரசு எசோ எனும் வடதீவுக்கு ஹொக்கைடோ எனப் பெயரிட்டு, குடியேற்ற ஆணையம் ஒன்றை நிறுவியது. குடியேற்றம் எனும் சொல் எமது வாசகர்க்கு விளக்கம் வேண்டாதது. ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஹொரேஸ் கப்ரன் 1871இல் ஆலோசகராக அழைக்கப்பட்டார். மேலைத்தேயப் பயிர்களும் கருவிகளும் வந்தன. உருளைக்கிழங்கு யப்பானுக்கு முற்றிலும் புதியதன்று. 1600ஐ அண்டி ஒல்லாந்தர் கப்பல்களில் ஜகார்த்தாவிலிருந்து வந்ததாகக் கூறப்படுவதால், அந்நகரின் பழைய பெயரையே இன்றும் அது தாங்குகின்றது. ஆயினும் பெருநிலப் பயிராக அது வேரூன்றியது இக்குளிர்த் தீவிலேயாம். 1878இல் ஒவாரி தொக்குகவா குடும்பம் தன் முன்னாட் படைவீரரை யக்குமோவிற் குடியேற்றியது. அவ்வூர் பின்னர் உருளைக்கிழங்கு மா உற்பத்திக்குப் பெயர்பெற்றது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தை வெறுமையுற, ஹொக்கைடோவின் மா கடல் கடந்தது. 'மாப் பணக்காரர்' என ஒரு கூட்டமே திடீரெனத் தோன்றிற்று. லில்லிக் குமிழுக்கு ஏழெட்டு ஆண்டுகள் தேவை. உருளைக்கிழங்குக்கு ஒரு பருவம் போதும். சந்தை பழகியிருந்த பெயரைப் புதிய மா எடுத்துக்கொண்டது.

அந்நிலம் வெறுநிலமன்று. அங்கு வாழ்ந்த அயினு மக்களும் லில்லியிலிருந்து மா எடுத்தவர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் 'துரெப்' என அழைத்த வேறொரு பெரிய காட்டு லில்லியின் குமிழ்களைக் கோடைத் தொடக்கத்திற் பெண்கள் தோண்டி, இடித்து, மாவைப் பிரித்தெடுப்பர். எஞ்சிய சக்கையைப் புளிக்கவைத்து, நடுவே துளையிட்ட வட்டுகளாக்கி, கோத்துத் தொங்கவிட்டு மாரிக்குச் சேமிப்பர். ஆனால் அவர்களது காடுகள் அரச நிலமாக்கப்பட்டன. 1876இல் நச்சம்பு வேட்டை தடைசெய்யப்பட்டது. சல்மன் மீன்பிடியும் கட்டுப்படுத்தப்பட்டது. 1899இன் 'பாதுகாப்பு'ச் சட்டம், உழுது பயிரிடும் நிபந்தனையின் பேரிற் குடும்பமொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து ஹெக்டயர் வரை வழங்கியது. காட்டிலிருந்து மா எடுக்கத் தெரிந்த மக்களை உழவராக்குவதே அதன் 'பாதுகாப்பு'. அச்சட்டம் 1997 வரை நீக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அயினுக்களைத் தொல்குடியினர் எனக் குறிப்பிட்டபோதிலும் நில உரிமையையோ மீன்பிடி உரிமையையோ மீட்டளிக்கவில்லை.

உருளைக்கிழங்கின் வரவால் கத்தக்குரி தோண்டப்படுவதினின்றும் பெரிதும் தப்பியது. எனினும் மலர் பெருகிற்றில்லை. விறகுக்கும் கரிக்கும் காலந்தோறும் வெட்டப்பட்ட ஊர்க்காடுகளின் வெளிச்சமான தரையே அதற்கு உகந்த இடமாக இருந்தது. 1950களின் பின் மண்ணெண்ணெயும் எரிவாயுவும் வீடுகளுக்கு வந்தன, காடுகள் கைவிடப்பட்டன, குற்றுமூங்கில் அடர்ந்தது. காட்டுமலர் என நாம் அழைப்பது மனித உழைப்பின் விளிம்பில் வாழ்ந்த மலர் என்பது இதனாற் பெறப்படும். அகித்தா மாகாணத்தின் சைம்யோஜியில், கஷ்கொட்டைத் தோப்புகளின் கீழ் இன்றும் ஏப்ரல் மாதத்தில் கத்தக்குரி பரந்து பூக்கின்றது. உதிரும் கொட்டைகளைப் பொறுக்குவதற்காக உழவர்கள் அத்தரையிற் புல்லையும் புதரையும் வெட்டி வருகின்றனர்.