கடைசிச் சடலமா, கடைசிப் பதிவா? சென்னை மாநிலச் சிவிங்கிப்புலியின் அழிவுநிலை குறித்து

இந்தியச் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது என்பது நம் துறையில் ஏறத்தாழ வாய்ப்பாடாகிவிட்டது. அதே ஆண்டில் மைசூரில் கூடிய வனவிலங்கு வாரியத்தின் முதல் கூட்டமோ, நடு இந்தியாவில் சிவிங்கிப்புலியைக் காக்கத் தனி முன்னுரிமை வேண்டும் என்றது. இல்லாத விலங்குக்கு எவரும் காவல் கேட்பதில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதை முதல் அட்டவணையில் வைத்தது. ஆகவே ‘அறிவிப்பு’ என்று வழங்குவது பின்னாளில் பின்னோக்கிப் பொருத்தப்பட்ட ஒரு முடிவு என்றே கருத இடமிருக்கிறது.

இந்த முடிவு எதன்மேல் நிற்கிறது? நடு இந்தியக் கொரியா சமஸ்தானத்து மன்னர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் 1947-இல் ஒரே இரவில் சுட்ட மூன்று விலங்குகளின்மேல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழ் அச்செய்தியை 1948-இல் கண்டனத்தோடு வெளியிட்டது. மூன்றும் ஆண். சேர்ந்து திரியும் ஆண்கள் பெரும்பாலும் ஒரே ஈற்றுச் சகோதரர்கள் என்பது இவ்வினத்தின் நடத்தை அறிந்த எவருக்கும் தெரியும். அப்படியானால் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அப்பகுதியில் ஈன்ற தாய் ஒன்று இருந்தது. அதனோடு கூடிய ஆணும் இருந்தது. அந்த மூன்றையே ‘கடைசி’ என்பது, துப்பாக்கிக்கு அகப்பட்டதை மட்டும் கணக்கில் எடுக்கும் வழக்கம்.

அதே இதழின் 1952-ஆம் ஆண்டுத் தொகுதியில் கே. எம். கிர்க்பாட்ரிக் எழுதிய சிறு குறிப்பு இருக்கிறது: சென்னை மாநிலம், சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கிப்புலி. (சித்தூர் ஆந்திரத்துக்குப் போனது 1953-இல்தான்.) முந்தைய ஆய்வுமரபு இதை ஓர் அடிக்குறிப்பில் ஏற்றுக்கொண்டு அடுத்த வரியில் மறந்துவிடும். கண்ணால் கண்ட பதிவு, தோலோ படமோ இல்லை என்பது காரணம். நியாயமான தயக்கம்தான். ஆனால் கண்டதை ஐயுறும்போது எதை ஐயுறுகிறோம் என்று சொல்லியாக வேண்டும். சிறுத்தையைப் பார்த்து மயங்கியிருக்கலாம் என்பார்கள். நீண்ட மெல்லிய கால், சிறிய தலை, கண்ணிலிருந்து வாய்வரை ஓடும் கருங்கோடு, ரோசாப்பூ வளையமாகச் சேராத தனிப்புள்ளிகள் ஆகிய நான்கில் இரண்டு தெரிந்தாலே மயக்கம் தீரும். அந்தக் காலத்தில் இவ்விதழுக்கு எழுதியவர்களும் அதைத் திருத்தியவர்களும் சிறுத்தையைப் பார்த்துப் பழகியவர்கள். தென்னாட்டுப் பதிவு எவ்வளவு அரிது என்பதையும் அறிந்தவர்கள். ஒரு குறிப்பு மட்டும் ஓர் இனத்தின் இருப்பை நிறுவாது. இருப்பினும் அதன் இன்மையை அறுதியிட்டுச் சொல்வதைத் தடுக்க அது போதும். இவ்விரண்டுக்கும் வேண்டிய சான்றின் எடை ஒன்றல்ல.

சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்கி வேட்டைக்குப் பழக்கியவற்றில் ஒன்று தப்பியதாக இருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. அவை பெரிதும் கோலாப்பூர், பவநகர் போன்ற மேற்கத்திய அரசவைகளில் இருந்தவை. இந்த ஐயத்தை ஏற்றால் கொரியாவின் மூன்றையும் அதே கேள்வி கேட்க வேண்டும். எவரும் கேட்பதில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோல், கடைசி உயிர் மாண்டதில் நியாயமான ஐயம் எதுவும் இருக்கக்கூடாது என்கிறது. இருந்திருக்கக்கூடிய வாழிடங்களில் உரிய காலத்தில் முழுமையாகத் தேடியிருக்கவும் வேண்டும். தென்னாட்டில் அப்படித் தேடியவர் யார்? கொல்லிமலை அடிவாரத்தை எடுத்துக்கொள்வோம். காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளியில்தான் எழுபது கொண்டையூசி வளைவுகள் தொடங்குகின்றன. மேலே காப்புக்காடு, அதற்கு வனத்துறைப் பதிவேடு உண்டு. கீழே மானாவாரிப் புன்செய், முட்புதர், மேய்ச்சல் தரை. அது வருவாய்த் துறையின் நிலம், அடங்கலில் பயிர் ஏறும், விலங்கு ஏறாது. காளப்பநாயக்கன்பட்டியில் சிவிங்கிப்புலி திரிந்தது என்பது என் வாதமல்ல. அது திறந்தவெளியில் வெளிமானைத் துரத்தி வாழ்ந்த விலங்கு. மலைக்காட்டுப் பதிவேட்டில் அதைத் தேடிவிட்டுக் காணோம் என்பது, குளத்து மீனைக் கிணற்றில் தேடிய கதை. சேலத்திலிருந்து சித்தூர்வரை கிழக்குத் தொடர்ச்சி மலையின் காலடி நெடுகிலும் இதே நிலைதான்.

இது பழங்கணக்கு, இன்று என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. 2022 செப்டம்பர் 17-இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவில் விடப்பட்டன. அதற்கு முன் உச்ச நீதிமன்றம் இந்த மீளறிமுகத் திட்டத்தை 2013-இல் தடுத்ததும், 2020-இல் சோதனை முயற்சியாக இசைந்ததும், ‘எது இங்கே இருந்தது’ என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தன. ஆசியக் கிளையும் ஆப்பிரிக்கக் கிளைகளும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதாக மரபணு ஆய்வு காட்டுகிறது. ஆசியக் கிளை இன்று ஈரானில் மட்டும் எஞ்சி, 1996 முதல் மிக அருகிய நிலையில் வைக்கப்பட்டுள்ளது. அக்கிளையின் இந்தியப் பரப்பை வரையும்போது சித்தூர்க் குறிப்பை விட்டுவிட்டால், தென் எல்லை வரலாற்றுப்படி அல்ல, வசதிப்படி வரையப்பட்டதாகிவிடும்.

இன்று அது தமிழகத்தில் இல்லை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. வட்டார அழிவு என்ற பிரிவே பொருந்தும். ஆனால் பட்டியலில் தேதி ஒன்றாக அல்ல, இரண்டாக நிற்க வேண்டும்: கடைசி உடற்சான்று 1947, கொரியா, கடைசி நம்பத்தக்க பதிவு 1952, சித்தூர். மறைந்த ஆண்டைக் குறிக்க வேண்டிய கட்டத்தில் ‘1952-க்குப் பின்’ என்று எழுதினால் போதும்.